ஒதுக்கப்பட்ட படங்கள், சர்ச்சைப் படங்கள்: மறுபடி பார்க்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

தன் போக்கில் படமெடுக்கும் இயக்குநர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பணம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. சார்லஸ் பர்னெட் தன் பல்கலைக்கழகப் படிப்புக்காகப் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில், வார இறுதிகளில் படப்பிடிப்பு நடத்திப் படமெடுத்தார். மைக்கேல் சிமினோ ஒரு பெரிய ஸ்டுடியோவின் பணத்தில் நாலு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். என் கணக்கில் இருவரும் ஒரே ரகம்தான். படத்தின் நீளம், வேகம், முடிவு இந்த மூன்றிலும் அடுத்தவர் பேச்சைக் கேட்க மறுப்பவர்கள். அந்தப் பிடிவாதம் சில சமயம் நல்ல படத்தைத் தரும், சில சமயம் கம்பெனியையே கவிழ்க்கும். சிமினோ விஷயத்தில் இரண்டும் நடந்தன என்பது என் கட்சி. பின்னால் வருகிறேன்.

ஒதுக்கப்பட்ட படமும் சர்ச்சைப் படமும் ஒன்றுதானே?

இல்லை. சர்ச்சையில் சிக்கிய படத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும், பார்த்தவர்கள்தான் குறைவு. ஒதுக்கப்பட்ட படத்துக்குப் பெயரே கிடையாது. முதல் வகையைப் பார்க்க உட்காரும்போது தலைக்குள் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதை ஓரமாக வைக்க வேண்டும். இரண்டாம் வகையில் படத்தைத் தேடிப்பிடிப்பதே பாதி வேலை.

பார்பரா லோடனின் 'வாண்டா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி, இயக்கி, நாயகியாகவும் அவரே நடித்த படம். 16 எம்எம் கேமரா, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய படப்பிடிப்புக் குழு. 1970 வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசு வாங்கியது. யாரும் அதை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை, தடையும் இல்லை. அமெரிக்காவில் சில அரங்குகளில் ஓடி, அப்படியே காணாமல் போனது. லோடன் இன்னொரு முழுநீளப் படம் எடுக்காமலே 1980இல் 48 வயதில் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து, மூடவிருந்த ஒரு லேப்பில் தூக்கிப்போடக் காத்திருந்த ரீல்களுக்கு நடுவிலிருந்துதான் அதன் மூல நெகட்டிவை ஓர் ஆவணக் காப்பாளர் மீட்டார். 2010இல் புதுப்பித்த பிரதி வந்தது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு ஷாட். நிலக்கரிக் கரி படிந்த பெரிய வெளி. அதன் நடுவே வெள்ளை உடையில் ஒரு பெண் நடந்துபோகிறாள், எறும்பளவுக்கு. கேமரா அவளை விடாமல் வெகுநேரம் பின்தொடர்கிறது. அவள் யார், எங்கே போகிறாள், ஒன்றும் சொல்லப்படுவதில்லை. வாண்டா நல்ல தாயும் இல்லை, கிளர்ந்தெழும் பெண்ணும் இல்லை. கணவன் விவாகரத்து கேட்டால் சரி என்கிறாள், குழந்தைகள் அவனிடமே இருக்கட்டும் என்கிறாள். வெறுப்பதற்கோ கொண்டாடுவதற்கோ பிடி கொடுக்காத பாத்திரம். அந்தப் படம் சத்தமில்லாமல் மறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நல்ல படம் என்றால் வந்தபோதே பேர் வாங்கியிருக்காதா?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், 'காலத்தை முந்திய படம்' என்பது. எனக்கு அந்தச் சொற்றொடரில் நம்பிக்கை இல்லை. பெரும்பாலான படங்கள் காணாமல் போன காரணத்தைத் துருவினால் கடைசியில் ஒரு ஒப்பந்தமோ, ஓர் அலுவலக உத்தரவோ, செலுத்தாத கட்டணமோதான் வந்து நிற்கும்.

பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' தெளிவான உதாரணம். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதை. கணவன் ஸ்டான் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிறான், இரவில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு காட்சியில் ஜன்னலோரம் அவனும் மனைவியும் டைனா வாஷிங்டன் பாட்டுக்கு மெல்ல ஆடுகிறார்கள். அவள் அவன் மேல் சாய்கிறாள், தடவிக்கொடுக்கிறாள். பாட்டு முடிந்ததும் அவன் கையை எடுத்துவிட்டு விலகிப்போகிறான். படத்தின் மொத்தக் களைப்பும் அந்த ஒரே ஷாட்டில் இருக்கிறது.

அந்தப் பாட்டுதான் படத்துக்கு எமனாகவும் வந்தது. பின்னணியில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை வாங்கப்படவில்லை. மாணவர் படமாக இருந்தவரை சிக்கலில்லை, ஆனால் அரங்கில் வெளியிட முடியாது. 1990இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில்கூட அது சேர்க்கப்பட்டது, அப்போதும் பொதுமக்கள் பார்க்க வழியில்லை. கடைசியில் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து இசை உரிமை வாங்கி 2007இல்தான் ஒழுங்கான வெளியீடு. படமெடுத்த செலவைப்போலப் பதினைந்து மடங்கு, பாட்டுக்கு மட்டும். இதில் காலத்தை முந்துவது எங்கே வந்தது?

சோவியத் யூனியனில் கதை வேறு. அங்கே படத்தை எடுக்க அரசே பணம் கொடுக்கும், எடுத்து முடித்ததும் அரசே அலமாரியில் வைத்துப் பூட்டும். அலெக்சாண்டர் அஸ்கோல்டோவ் 1967இல் 'கமிசார்' எடுத்தார். உள்நாட்டுப் போரில் கர்ப்பிணியான ஒரு செம்படை அதிகாரி, ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பிள்ளை பெறும் கதை. படம் இருபது ஆண்டுகள் வெளிவரவில்லை. 1988இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது வாங்கியது. அஸ்கோல்டோவுக்கு அதுதான் முதலும் கடைசியுமான கதைப்படம்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? அதில் அப்படி என்ன வித்தியாசம்?

எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியம். அன்றைக்கு மக்கள் நிராகரித்த படமும் இன்று நாம் பார்க்கும் படமும் பல சமயம் ஒரே படம் அல்ல. 'அன்றைய ரசிகர்களுக்குப் புரியவில்லை' என்று உச்சுக்கொட்டும் முன் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

ழான் ரெனுவாரின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' 1939 ஜூலையில் பாரிஸில் வெளியானது. பணக்காரர்கள் ஒரு கிராமத்து மாளிகையில் கூடி வேட்டையாடுகிறார்கள், ஒருவர் மனைவியை ஒருவர் காதலிக்கிறார்கள், வேலைக்காரர்களும் அதையே செய்கிறார்கள், கடைசியில் ஒருவன் சாகிறான். அரங்கில் கூச்சலும் சீழ்க்கையும். ரெனுவார் படத்தை வெட்டினார், மறுபடி வெட்டினார், 80 நிமிடச் சொச்சத்துக்குக் கொண்டுவந்தார். பிரயோசனமில்லை. போர் தொடங்கியதும் மக்களின் மன உறுதியைக் குலைப்பதாகச் சொல்லித் தடை செய்தார்கள். மூல நெகட்டிவ் நேசநாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப் பின் கிடைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, ரெனுவாரின் ஒப்புதலோடு, 1959இல் 106 நிமிடப் பிரதி ஒன்றைக் கட்டியெழுப்பினார்கள். பார்க்க வேண்டியது இது: முதல் நாள் அரங்கில் ஓடிய படமே ஏறத்தாழ 94 நிமிடம்தான். இன்று நாம் பார்ப்பது 1939இல் கூச்சல் போட்டவர்கள் பார்த்ததைவிட நீளமானது. அவர்கள் பார்க்காத காட்சிகளை வைத்துக்கொண்டு அவர்களுக்கு ரசனை இல்லை என்று தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. (ஆனால் வேட்டைக் காட்சியின் முடிவில் அடிபட்ட முயல் முன்னங்கால்களை நீட்டிச் சுருட்டிச் சாகும் அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டும் இது லேசான நகைச்சுவைப் படம் என்று யாராவது நினைத்திருந்தால், அது அவர்கள் பாடு.)

சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' இதையே வேறு விதத்தில் சொல்கிறது. 1892இல் வயோமிங் மாநிலத்தில் பெரும் பண்ணைக்காரர்களுக்கும் வந்தேறி ஏழை விவசாயிகளுக்கும் நடந்த மோதல்தான் கதை. 1980 நவம்பரில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படமாக நியூயார்க்கில் திரையிட்டார்கள். விமர்சனங்கள் வந்த வேகத்தில் ஸ்டுடியோ படத்தைத் திரும்பப் பெற்றது. 1981 ஏப்ரலில் 149 நிமிடமாகச் சுருக்கி வெளியிட்டார்கள், அதுவும் படுத்துவிட்டது. அமெரிக்க வசூல் 35 லட்சம் டாலர் சுமார். அதே ஆண்டு, பணம் போட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டுடியோவே கைமாறியது. அமெரிக்க ரசிகர்களில் பெரும்பாலோர் பார்க்க முடிந்தது அந்தக் குறுக்கிய வடிவத்தை மட்டுமே. காரணமே தெரியாமல் ஆட்கள் வந்து சண்டை போட்டுச் சாகும் படம் அது.

2012இல் வெனிஸில் சிமினோவே மேற்பார்த்த 216 நிமிடப் பிரதி வந்தது. அதில் சறுக்குச் சக்கரம் கட்டிய வயலின்காரன் கூடத்தைச் சுற்றிச்சுற்றி வாசித்துக்கொண்டே வர, ஊரே பின்னால் சறுக்கிக்கொண்டு ஆடும் காட்சி அவசரமில்லாமல் ஓடுகிறது. பிற்பாடு அதே கூடத்தில் சாகப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது, அந்தப் பெயர்களுக்கு நமக்கு முகம் தெரியும். நீளத்தைக் குறைத்தால் முதலில் பலியாவது இந்த மாதிரிக் காட்சிகள்தான். கதைக்குத் தேவையில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாமே.

அப்படியென்றால் புதுப்பித்த பிரதிதான் அசல், இல்லையா?

அங்கேயும் அவசரப்பட வேண்டாம். 1980 பிரதியில் படம் முழுக்கத் தூசி படிந்த பழுப்பு நிறம் இருந்தது. 2012 பிரதியில் சிமினோ அதைத் துடைத்தெடுத்துவிட்டார். பச்சை பச்சையாகத் தெரிகிறது, வானம் நீலமாக இருக்கிறது. இடைவேளையும் போய்விட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து இயக்குநர் தன் பழைய முடிவைத் திருத்தியிருக்கிறார். அது அவர் உரிமை. ஆனால் பார்ப்பவர் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

இயக்குநர் இல்லாதபோது நடப்பது இன்னும் சிக்கல். செர்கெய் பரஜனோவ் ஆர்மீனியக் கவிஞர் சயாத் நோவாவைப் பற்றி எடுத்த படத்துக்குச் சோவியத் அதிகாரிகள் கவிஞர் பெயரை வைக்க விடவில்லை. 'தி கலர் ஆஃப் பாம்கிரனேட்ஸ்' என்று பெயர் மாறியது. இன்னொரு இயக்குநர் அதை மறுபடி வெட்டித் தொகுத்த வடிவமும் சுற்றில் விடப்பட்டது. பரஜனோவ் பின்னர் நாலாண்டு சிறையில் இருந்தார். 2014இல் புதுப்பித்த பிரதி பரஜனோவின் தொகுப்புக்கு நெருக்கமான ஆர்மீனிய வடிவத்தைப் பின்பற்றியது. படத்தின் பெயருக்குக் கீழே எத்தனை நிமிடம், எந்த ஆண்டுப் பிரதி என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பாதி வீண் விவாதம் குறையும்.

விமர்சகர்கள் உண்மையிலேயே அவ்வளவு மோசமாகத் தவறவிட்டார்களா?

சில சமயம் ஆமாம். அதே படத்தை, அதே நீளத்தில் பார்த்துவிட்டுத்தான்.

மைக்கேல் பாவெலின் 'பீப்பிங் டாம்' 1960 ஏப்ரலில் லண்டனில் வந்தது. மார்க் என்ற இளைஞன் சினிமா ஸ்டுடியோவில் கேமரா உதவியாளன். பெண்களைக் கொலை செய்துகொண்டே படம் பிடிக்கிறான். ட்ரைபாடின் ஒரு காலில் கத்தி மறைந்திருக்கிறது. கேமராவோடு ஒரு கண்ணாடியும் மாட்டியிருக்கிறான், சாகும் பெண் தன் பயத்தைத் தானே பார்க்கட்டும் என்று. பிரிட்டிஷ் விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். அள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்ட வேண்டிய படம் என்கிற அளவுக்கு ஒருவர் எழுதினார். விநியோகஸ்தர் அவசர அவசரமாகப் படத்தை எடுத்துவிட்டார்.

ஏன் இவ்வளவு கோபம்? ரத்தம் அதிகமில்லை. அதே ஆண்டு வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' இதைவிடப் பயமுறுத்தியது, அதைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். என் பதில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. ஒரு கண் திறக்கிறது. அடுத்து நாம் கேமராவின் வியூஃபைண்டர் வழியாக, குறுக்குக்கோடு விழுந்த சட்டத்துக்குள், தெருவில் நிற்கும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து மாடிக்குப் போகிறோம். அவள் அலறுகிறாள். உடனே அதே காட்சி மறுபடி ஓடுகிறது, இம்முறை மார்க்கின் அறையில், புரொஜெக்டரில். அவன் உட்கார்ந்து பார்க்கிறான், பெயர்கள் வருகின்றன. இருட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வேதனையைப் பார்ப்பது அவன் வேலை, நம் பொழுதுபோக்கு, விமர்சகருக்குத் தொழில். அதைப் படம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. போதாததற்கு, மகனை விளக்கொளியால் பயமுறுத்திப் படம் பிடிக்கும் மார்க்கின் அப்பாவாகப் பாவெலே நடித்தார், சிறுவயது மார்க்காகத் தன் சொந்த மகனை நடிக்க வைத்தார். தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தோடு பாவெல் சினிமாவே முடிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முழு உண்மை அல்ல. பின்னாலும் எடுத்தார், 1966லும் 1969லும் ஆஸ்திரேலியாவில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் பெரிய படம் எடுக்கும் வாய்ப்புதான் வற்றிப்போனது. மறுபார்வைக் கதைகளில் நாயகனைத் தியாகியாக்கும் சபலம் அதிகம். மார்ட்டின் ஸ்கோர்செஸி முயற்சியில் 1979இல் நியூயார்க் விழாவில் படம் மறுபடி பேசப்பட்டது. 1960இல் திட்டியவர்களில் ஒருவரான டிலிஸ் பாவெல் 1994இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார். இயக்குநருக்கு உறவல்ல, பெயர் ஒற்றுமை மட்டுமே. மைக்கேல் பாவெல் அதற்குள் இறந்துவிட்டார்.

தடை செய்தார்கள் என்றாலே படத்தில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தடை செய்தவருக்கு ஏதோ பயம் இருந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். மோசமான படங்களும் தடை வாங்கியிருக்கின்றன, அந்த முத்திரையை வைத்தே இன்றுவரை பிழைக்கின்றன.

எதற்குப் பயந்தார்கள் என்று பார்த்தால் பலன் உண்டு. பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்த 'தி வார் கேம்' 47 நிமிடம்தான் ஓடும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்திப்படம் போலவே காட்டியது. கையில் தூக்கிய கேமரா, தொழில்முறை நடிகர்கள் இல்லை. மிகக் கொடூரமாக இருக்கிறது என்று சொல்லி பிபிசி ஒளிபரப்ப மறுத்தது. அரங்குகளில் ஓடியது, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரே கிடைத்தது. நடந்ததே இல்லாத ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்துக்கு! பிபிசி தொலைக்காட்சியில் அது வந்தது 1985இல்.

இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 'சாலோ'வைப் பார்த்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். யாரும் எந்தப் படத்தையும் பார்த்தே ஆக வேண்டியதில்லை. பார்க்க நினைப்பவர்கள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்: 1944இல் இத்தாலியப் பாசிச அரசின் கடைசி நாட்களில், நான்கு அதிகாரவான்கள் இளம் ஆண்களையும் பெண்களையும் ஒரு மாளிகையில் அடைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். படம் முழுக்க அதுதான். பசோலினி 1975 நவம்பர் 2 அன்று கொலை செய்யப்பட்டார், படம் அதே மாதம் பாரிஸில் முதலில் திரையிடப்பட்டது. பல நாடுகளில் தடை. பிரிட்டனில் வெட்டில்லாமல் அனுமதி கிடைத்தது 2000இல்.

என் மதிப்பீடு: பெரிய படம், ஆனால் இன்னொருமுறை பார் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அதன் பலம் கிளர்ச்சியூட்ட மறுப்பதில் இருக்கிறது. எல்லாம் தூரத்திலிருந்து, சமச்சீரான ஃப்ரேம்களில், கணக்கு நோட்டு போன்ற நிதானத்தோடு காட்டப்படுகிறது. கடைசிக் கொடுமைகளை ஜன்னலில் உட்கார்ந்து பைனாகுலர் வழியாகப் பார்க்கிறார்கள். நமக்கும் அந்த வட்டத்துக்குள் தெரிவதுதான் தெரியும். பிறகு காவலுக்கு நின்ற இரண்டு பையன்கள் ரேடியோ பாட்டுக்கு ஜோடியாக ஆடுகிறார்கள். ஒருவன் மற்றவனிடம் உன் காதலி பெயர் என்ன என்று கேட்கிறான். படம் முடிகிறது. என்னைப் பொறுத்தவரை படத்தில் ஆகக் கொடூரமான இடம் அந்தச் சாதாரணப் பேச்சுதான்.

படப்பிடிப்பில் நடந்த அநியாயம் தெரிந்த பிறகும் அந்தப் படத்தைக் கொண்டாடலாமா?

பெர்னார்டோ பெர்டோலுச்சியின் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' இரண்டுமுறை சர்ச்சையானது, இரண்டும் எதிரெதிர்க் காரணங்களுக்காக. 1970களில் அது ஆபாசம் என்று இத்தாலிய நீதிமன்றம் பிரதிகளை அழிக்கச் சொன்னது, இயக்குநரின் வாக்குரிமையைச் சில ஆண்டுகள் பறித்தது. அப்போது பெர்டோலுச்சி கருத்துச் சுதந்திரத்தின் முகம். நடிகை மரியா ஷ்னைடருக்குப் படப்பிடிப்பின்போது 19 வயது. அவர் என்ன உணர்ந்தார் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. வன்புணர்வுக் காட்சியில் அசலான ஸ்கிரிப்டில் இல்லாததைப் புகுத்தினார்கள், அவமானமாக உணர்ந்தேன் என்று 2007இல் அவர் சொன்னார். அந்தக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்தப்போவதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, நடிப்பு வேண்டாம், அந்தப் பெண்ணின் நிஜமான எதிர்வினைதான் வேண்டும் என்று நினைத்தேன் என்று பெர்டோலுச்சியே 2013இல் ஒப்புக்கொண்டார். ஷ்னைடர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். 2024 டிசம்பரில் பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதேக் எதிர்ப்புகளுக்குப் பின் இந்தப் படத்தின் திரையிடலை ரத்து செய்தது.

இங்கே படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. மாறியது நமக்குத் தெரிந்த விவரம். அந்தக் காட்சியை இனி நடிப்பாகப் பார்க்க எனக்கு முடியாது. திரையில் இருப்பது நடந்ததற்கான சாட்சியம். படத்தை அழிப்பதை நான் ஆதரிக்கவில்லை, அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். ஆனால் ஷ்னைடர் சொன்னதை முதலில் சொல்லாமல் அந்தப் படத்தைத் திரையிடுவது தவறு. 'பெரிய கலைஞன் அப்படித்தான் இருப்பான்' என்ற வாதத்துக்கு என்னிடம் பொறுமை இல்லை. 'ஹெவன்ஸ் கேட்' படப்பிடிப்பில் குதிரைகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்களும் இதே கணக்கில் வருகின்றன. மூன்றரை மணி நேரப் படத்தைப் பாராட்டிய கையோடு இதையும் சொல்லாவிட்டால் அது பாதி மறுபார்வை.

தமிழில் இந்த வரிசையில் எவை வரும்?

இரண்டு படங்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. இரண்டும் ஒரே காலம்.

ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977 தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். எழுதியவர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றை வளர்க்கும் பேராசிரியர், கேலி தாங்காமல் அதைத் தன் கிராமத்து அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். வாய் பேசாத ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது கெட்டுப்போனாலும் பழி கழுதை மேல். அடித்துக் கொல்கிறார்கள். பிறகு நல்லது நடக்கத் தொடங்கியதும் அதற்கே கோயில் கட்டலாம் என்கிறார்கள். எதிர்ப்பு வலுத்தது, தூர்தர்ஷனில் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. சர்ச்சையைக் கேள்விப்பட்டுப் பார்ப்பவர்கள் காரசாரமான தாக்குதலை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். படம் பேசுவது மிகக் குறைந்த குரலில். சில இடங்களில் தொழில்நுட்பம் தடுமாறுவதும் உண்மை, அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை.

ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978 அக்டோபர் இறுதியில் வந்தது. கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா, இளையராஜா இசை. இத்தனை பேர் இருந்தும் ஓடவில்லை. யேசுதாஸ் பாடிய 'உறவுகள் தொடர்கதை' பாட்டைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த அருண், மஞ்சுவை (ஸ்ரீப்ரியா) புரிந்துகொண்டவன் போலத் தெரிகிறான். வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான். கடைசியில் காரில் எல்லோரும் போகும்போது, பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று அந்தப் புதுப்பெண்ணிடம் மஞ்சு கேட்கிறாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. பிறகு நடுரோட்டில் மஞ்சுவை விட்டுவிட்டுக் கார் போய்விடுகிறது. இந்தப் படத்தை நட்சத்திரங்களின் பழைய படமாகப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. ரஜினியின் விளம்பர முதலாளி வெளிப்படையான ஆணாதிக்கக்காரர், கமலின் அருண் நாகரிகமானவர். கடைசியில் மஞ்சுவை அதிகம் காயப்படுத்துவது யார் என்று கவனியுங்கள்.

மெதுவாகப் போகும் படங்களில் தூக்கம் வருகிறதே, என்ன செய்ய?

தூங்குங்கள், வேறொரு நாள் பாருங்கள். ஷாந்தால் அகர்மான் 25 வயதுகூட ஆகாதபோது எடுத்த 'ஜான் டீல்மான்' 201 நிமிடம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள். சமையல், துடைத்தல், மகனுக்குச் சாப்பாடு, மதியத்தில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பணம். 1975இல் கான் விழாவில் பாதியிலேயே எழுந்து போனவர்கள் உண்டு. சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் 2022இல் அதுவே முதலிடம்.

அந்த முதலிடத்தை நம்பி உட்கார வேண்டாம், அது வெறும் சுமை. இரண்டாம் நாள் மதியத்துக்குக் காத்திருங்கள். விருந்தாளி போனபின் உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது. அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்குமாக, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நடக்கிறாள். பணம் போட்டுவைக்கும் ஜாடியை மூட மறந்துவிட்டாள். முதல் நாளை முழுக்கப் பார்த்திருந்தால் அந்தத் திறந்த ஜாடி உங்களைத் துணுக்குறச் செய்யும். முதல் நாளைத் தாவிவிட்டு வந்தால் அது வெறும் ஜாடி.

படிச்சுட்டுப் பார்ப்பதா, பார்த்துட்டுப் படிப்பதா?

பிரதி பற்றிய விவரமும் படப்பிடிப்பில் யாராவது துன்புறுத்தப்பட்டார்களா என்பதும் முன்னால். மற்றது எல்லாம் பின்னால்.

மறுபடி பார்த்தும் பிடிக்கவில்லை என்றால்?

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எல்லா மறுபார்வையும் 'தலைசிறந்த படம்' என்றே முடிந்தால் அது வேறு வகை விளம்பரம். 1939இல் கூச்சல் போட்டவர்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கும் உண்டு. நீங்கள் பார்ப்பது முழுப் பிரதி என்பதால் உங்கள் வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் எடை உண்டு.

இனி மீட்கவே முடியாத படங்களை என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவால் உருவாக்கித் தந்தால் பார்க்கலாமா?

சில படங்களில் வெட்டிய பகுதி எங்கோ இருக்கிறது. கென் ரஸ்ஸலின் 'தி டெவில்ஸ்' 1971இல் ஸ்டுடியோவும் தணிக்கையும் சேர்ந்து வெட்டிய படம். தொலைந்துபோனதாக நினைத்த முக்கியக் காட்சியை விமர்சகர் மார்க் கெர்மோட் தேடிக் கண்டுபிடித்தார். ஆனாலும் 2012இல் பிரிட்டனில் வந்த டிவிடியில் அது இல்லை. அங்கே தடை ஃபிலிம் அல்ல, உரிமையாளர்.

ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' அப்படி இல்லை. 1942இல் வெல்ஸ் பிரேசிலில் இன்னொரு படப்பிடிப்பில் இருந்தபோது ஆர்கேஓ ஸ்டுடியோ 131 நிமிடத்தை 88 ஆக்கியது, முடிவை வேறு ஆட்களை வைத்து மாற்றி எடுத்தது, வெட்டிய நெகட்டிவை அழித்துவிட்டது. ரியோவுக்கு அவருக்கு அனுப்பிய பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. இழந்த 43 நிமிடத்தைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்போவதாக 2025இல் ஒரு நிறுவனம் அறிவித்தது.

ஆர்வத்துக்குப் பார்க்கலாம். ஆனால் அது வெல்ஸ் படம் அல்ல, அந்தப் பெயரில் அதைச் சேர்க்கக் கூடாது. வேறு வழி இருக்கிறது. வெட்டுவதற்கு முந்திய வடிவத்தை ஷாட் ஷாட்டாக எழுதிவைத்த ஸ்டுடியோ ஆவணம் பிழைத்திருக்கிறது. வெல்ஸின் முடிவில் யூஜின், ஃபேனி அத்தையைப் பார்க்க ஒரு மட்டமான விடுதிக்கு வருகிறார். கிராமபோனில் நகைச்சுவைத் தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் பேச எதுவும் மிஞ்சவில்லை. ஸ்டுடியோ மாற்றி எடுத்த முடிவில் இருவரும் மருத்துவமனை நடையில் சிரித்த முகத்தோடு வருகிறார்கள். முதலில் 88 நிமிடப் படத்தைப் பாருங்கள், பிறகு அந்த ஆவணத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். என்ன போயிற்று என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.